எந்த லிஃப்டில்

அந்த அறிவிப்பை எழுதியவன் நான்தான்.
மூன்று மொழிகளில்.
கன்னடத்துக்கு வாட்ச்மேன் உதவினார்.
தமிழில் ஒரு ஒற்று விட்டுப்போயிருந்தது,
இரவு பதினொன்றுக்கு அதைத் திருத்தி
மறுபடி அச்செடுத்தேன்.

வீட்டு வேலைக்கு வருவோர், பொருள் கொண்டுவருவோர்
தயவுசெய்து
சர்வீஸ் லிஃப்டை மட்டும் பயன்படுத்தவும்.
கீழே என் கையெழுத்து. செயலாளர்.
ஹென்னூர் சாலை, பதினான்கு மாடி, நூற்றுப்பன்னிரண்டு வீடு.
அந்தத் தயவுசெய்து
என் யோசனை.

ஞாயிறு, திருவிருந்து.
தபீத்தாள் எனக்கு முந்திய இடத்தில் மண்டியிட்டாள்.
எங்கள் வீட்டுப் பாத்திரம் துலக்கும் கை
அப்பத்துக்காக ஏந்தியிருந்தது,
சோப்புத்தூள் அரித்த வெடிப்போடு.
குருவானவர் கிண்ணத்தை அவள் உதட்டில் சாய்த்தார்,
வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்தார்,
கால் சுற்று திருப்பினார்,
என்னிடம் நீட்டினார்.

அந்தக் கால் சுற்றை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
போதுமான அளவு திருப்பினாரா என்று
கண்ணால் அளந்தேன்.
இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.
விழுங்கினேன்.
வழக்கம்போல இனிப்பாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில்.
ஒன்பதாம் மாடி. பால்கனிக் கதவைச் சாத்தியும்
ஹாரன் சத்தம் வந்துகொண்டிருந்தது.
பாடம்: தேவனுடைய ராஜ்யம்.
அது மேலே இருக்கிறதா, இங்கேயா என்று
வங்கியில் ஓய்வுபெற்ற பாக்கியசிங் கேட்டார்.
உள்ளே என்றார் ஒருவர்.
விதை மாதிரி என்றார் இன்னொருவர்.
நான் ஒரு கிரேக்கச் சொல்லைச் சொன்னேன்,
முந்தின நாள் யூடியூபில் கேட்டது.

ஏழே முக்காலுக்கு மணி அடித்தது.
தபீத்தாள்.
வேலைக்கு அல்ல, ஜெபத்துக்கு.
இஸ்திரி போட்ட சேலை, துணிப்பையில் வேதாகமம்.
மூச்சு வாங்க நிலைக்கட்டையைப் பிடித்து நின்றாள்.
"சர்வீஸ் லிஃப்ட் ரெண்டு நாளா ஓடல."
"இந்த லிஃப்ட்ல வந்திருக்கலாமே" என்றாள் என் மனைவி.
"போர்டு போட்டிருக்கேம்மா."

யார் போட்டது என்று அவளுக்குத் தெரியும்.
தெரியாததுபோல என் பக்கம் பார்க்காமல் சொன்னாளே,
அதற்கு அவள் திட்டியிருக்கலாம்.

ஒரு நாற்காலி காலியாக இருந்தது.
அதைப் பார்த்தாள்.
சமையலறை வாசலோரம் தரையில் உட்கார்ந்தாள்.
அந்த நாற்காலியில்
நான் எதுவும் எழுதி ஒட்டவில்லை.

முடிவு ஜெபம். எல்லோரும் கண்மூடிச் சொன்னோம்.
ராஜ்யத்தை வரச்சொல்லும் இடத்தில்
என் நாக்கு நின்றுவிட்டது.

வரச்சொல்கிறோம். சரி.
எந்த லிஃப்டில்?
நாசரேத்துத் தச்சர்
இழைப்புளியைச் சாக்குப்பையில் போட்டுக்கொண்டு
கேட்டில் நிற்கிறார்.
எந்த வீடு, என்ன வேலை, போன் நம்பர்?
மர வேலை என்கிறார்.
வாட்ச்மேன் அந்தப் பக்கம் கைகாட்டுகிறார்.
அது ஓடவில்லை.
ஐந்தாம் மாடித் திருப்பத்தில்
பையை இறக்கிவைத்து முழங்காலைத் தேய்க்கிறார்.
அதற்குள் நாங்கள் ஆமென் சொல்லி
வடைக்குப் போய்விட்டோம்.

மறுநாள் அறிவிப்பைக் கிழித்தேன்.
லேசில் வரவில்லை. நல்ல பசை, நான் வாங்கியது.
சங்கக் கூட்டத்தில் ஓட்டெடுப்பு:
முப்பத்தொன்றுக்கு நான்கு.
அந்த நான்கில் பாக்கியசிங் இல்லை.
இப்போது வேறு கையெழுத்தோடு புதிய அறிவிப்பு.
அதில் தயவுசெய்து கிடையாது.

நான் சர்வீஸ் லிஃப்டில் போய்வருகிறேன்.
பெருமைக்குச் சொல்லவில்லை.
கேஸ் சிலிண்டர், ஈர மாப், தண்ணீர் கேன்,
மூன்றாம் மாடி நாய்.
முதல் வாரம் தபீத்தாள் என்னைக் கண்டதும்
சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.
நான் வந்ததில் அவளுக்கு இருந்த இடமும் போயிற்று.

நேற்று வாளியோடு ஏறினாள்.
"நீங்க ஏன் சார் இதுல? ஏற்கெனவே இடமில்ல.
கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

ஆறு வருஷத்தில்
அவள் எனக்கு இட்ட முதல் கட்டளை.
வாளிக்கு வழிவிட்டு
கால் சுற்று திரும்பினேன்.